பிழைப் பட்டியலும் வாக்கிய இலக்கணமும்

தமிழ்மொழி மூலம் கற்றுப் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களுக்குள் நுழையும் மாணவர் கைகளில் முதலாம் வருடத்திலேயே திணிக்கப்படும் நூல்வகை ஒன்றுண்டு. இடப்பக்கத்தில் பிழையான ஆங்கில வாக்கியம், வலப்பக்கத்தில் திருத்திய வாக்கியம், நடுவே ஒரு கோடு. அது ஏன் பிழையாகிறது என்ற வினாவுக்கு அந்நூல்களில் இடமில்லை. மாணவர் வலப்பக்கத்தை மனனஞ் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் இடப்பக்க வாக்கியங்களையே மீண்டும் எழுதுகின்றனர். இதற்கு மாணவரின் அசட்டையே காரணம் என விரிவுரை மண்டபங்களிலும் ஆசிரியர் அறைகளிலும் கூறப்படுகின்றது. இக்கூற்று பொருந்தாது. ஆங்கில வாக்கிய அமைப்பிலே தமிழ் மாணவர் விடும் பிழைகளிற் கணிசமானவை இலக்கண அறியாமையால் நேர்வனவல்ல. ஓர் இலக்கணத்திற் பழகிய மனம் அவ்விலக்கணத்தை வேறொரு மொழியின்மீது ஏற்றுவதால் நேர்வன அவை. நோயின் மூலத்தை அறியாது கட்டுக்குக் கட்டுப் போடும் வைத்தியம் பலிக்காததில் வியப்பென்ன?

ஆங்கில இலக்கணகாரர் 'பிறேஸ்' எனப்படும் சொற்றொடரையும் 'கிளோஸ்' எனப்படும் உபவாக்கியத்தையும் வேறுபடுத்துவது மரபு. தனக்கென ஓர் எழுவாயும் முற்றுவினையும் உடையது உபவாக்கியம். அவ்வாறு இல்லாத சொற்கூட்டம் சொற்றொடர். தமிழின் வழக்கு வேறு. "நேற்று வந்த மாணவன் நூலை வாங்கிக்கொண்டு போனான்" என்ற வாக்கியத்தில் வினை நிகழ்ச்சிகள் மூன்று; முற்று ஒன்றே. 'வந்த' பெயரெச்சம், 'வாங்கிக்கொண்டு' வினையெச்சம். ('என்று' கொண்டு இணையும் வாக்கியங்கள் இதற்கு விலக்கு என்பதையும் கூறவேண்டும்.) திராவிட மொழிகள் தொடர்பு உணர்த்தும் பிரதிப்பெயரின்றிப் பெயரெச்சங் கொண்டே இவ்வேலையை முடிப்பதைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியுள்ளார். ஆங்கிலத்திலோ அந்த 'வந்த' என்பது 'ஹூ' என்ற பிரதிப்பெயரோடு கூடிக் காலங் காட்டும் முழு முற்றுவினையாகிவிடுகின்றது. முற்றுவினையாகியும் வாக்கியத்தை முடிக்கும் உரிமை அதற்கில்லை. தமிழிலே முற்று வந்தால் பொருள் முடிந்தது என்று பழகியவன், அவ்வினையைக் கண்டதும் முற்றுப்புள்ளி இட்டுவிட்டால், அதனை மடமை என்று யார் சொல்ல முடியும்?

'பிக்கோஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அகராதிகளும் குறிப்புப் புத்தகங்களும் அதற்கு 'ஏனெனில்' எனப் பொருள் எழுதுகின்றன. பொருள் சரியே, இலக்கணம் முழுப் பிழை. "அவன் வரவில்லை. ஏனெனில் மழை பெய்தது" என எழுதுவது தமிழிற் குற்றமன்று. 'ஏனெனில்' என்பதற்குப் பின்வருவது தனித்து நிற்கும் வாக்கியம். ஆங்கிலச் சொல்லோ தன்பின் வருவதைச் சார்புடையதாக்கிவிடும். எழுத்து நடையில் அது தலைமை வாக்கியத்தோடு சேர்ந்தே நிற்றல்வேண்டும். அதற்கு ஒத்த தமிழ் வடிவம் "மழை பெய்ததனால் வரவில்லை" என்பதிலுள்ள '-ஆல்' உருபே. 'ஏனெனில்' என்று கற்பித்த ஆசிரியரே, மாணவன் அதன்படி இரண்டாகப் பிரித்து எழுதியதும் 'துண்டு வாக்கியம்' என்று சிவப்பு மையாற் கோடிடுகிறார். பிழை எவருடையது?

'ஒல்தோ' என்று தொடங்கி நடுவிலே 'பட்' என்பதையும் புகுத்தும் பிழை இதனினும் சுவையானது. "நோயுற்றிருந்தபோதிலும் வந்தான்" என்ற தமிழ் வாக்கியத்தில் இணைப்பைக் காட்டும் உறுப்பு இரண்டு கூற்றுக்களும் சந்திக்கும் இடத்திலே, முதற்கூற்றின் ஈற்றில் நிற்கின்றது. ஆங்கிலம் அவ்வுறுப்பை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோய்விடுகின்றது. சந்திப்பில் ஒரு காற்புள்ளி மாத்திரமே எஞ்சுகின்றது. தமிழ்ச் செவிக்கு அவ்விடம் வெறுமையாகத் தோன்றுகின்றது; மாணவன் அங்கே 'பட்' என்ற சொல்லை வைத்து அடைக்கிறான். இணைப்பு உறுப்பு இடம் மாறியதை ஒரு தடவை விளக்கினால் அகலக்கூடிய பிழை இது.

காற்புள்ளியின் கதையும் அதுவே. "மழை பெய்தது, குளம் உடைப்பெடுத்தது, வயல் அழிந்தது" என மூன்று முற்றுக்களைக் காற்புள்ளியால் அடுக்குவது தமிழ் உரைநடைக்கு இயல்பு. அச்சுப் பண்பாட்டின் வழியே ஐரோப்பியரிடமிருந்து வந்த அக்குறியீடு தமிழிற் பெரிதும் மூச்சு நிற்கும் இடத்தையே காட்டுகின்றது. ஆங்கிலத்தில் அது இலக்கணச் சுமை தாங்குகின்றது. தனித்து நிற்கவல்ல இரு கூற்றுக்களை இணைக்க அது மட்டும் போதாது. இணைப்புச் சொல்லோ அரைப்புள்ளியோ தேவை. அதனாலேயே 'ஆகவே', 'எனினும்' என்பவற்றுக்கு ஈடாக மாணவர் எழுதும் 'தெயர்போர்', 'ஹவெவர்' ஆகியவற்றின் முன் காற்புள்ளி இட்டாற் குற்றமாகின்றது. ஆங்கிலத்தில் அவை வினையடைகளேயன்றி இணைப்புச் சொற்களல்ல. ஆனால் யூலியஸ் சீசரின் பெயரால் வழங்கும் மூன்று வினைக் கூற்றை ஆங்கிலேயர் காற்புள்ளிகளாலேயே அடுக்குகின்றனர். குறுகிய, ஒத்த அமைப்புடைய கூற்றுக்களுக்கு விலக்குண்டு என்பர். விலக்கு உண்டென்றால் அதனையும் மாணவனுக்குச் சொல்லவேண்டாமா?

தமிழிலக்கணம் தடையாக மட்டும் நிற்பதில்லை. கற்பிப்போர் கண் திறந்தால் அதுவே துணையுமாகும். "அறைக்குள் நுழைந்து விளக்கு அணைந்தது" என்று தமிழ் மாணவர் எவரும் எழுதார். நுழைந்தது விளக்கா என்று உடனே நகைப்பர். "அறைக்குள் நுழைய விளக்கு அணைந்தது" என்றே எழுதுவர். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் வினைமுதல் வினையையே கொண்டு முடியும் என்பதையும், செய என்னும் வாய்பாட்டுக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்பதையும் தொல்காப்பிய வினையியல் வகுத்துவைத்திருக்கிறது. ஆங்கில நூல்கள் 'தொங்கும் எச்சம்' என்று பெயரிட்டு அச்சுறுத்தும் பிழை, அறைக்குள் நுழைந்த அந்த விளக்கேயாகும். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் மாணவன் காலையில் வினையியலைக் கற்று, மாலையில் ஆங்கில வகுப்பிலே அதே விதியைப் புதிய அதிசயமாக மனனஞ் செய்கின்றான். இரண்டு வகுப்புக்களுக்கும் இடையே உள்ள தூரம் சில யார்களே. அதனைக் கடக்க இருபக்கத்தாரும் முயன்றதாகத் தெரியவில்லை.

பிழைப் பட்டியல்களில் மெய்யான பிழைகளோடு வெறும் அபிப்பிராயங்களும் கலந்துள்ளன. முன்னிடைச் சொல்லில் வாக்கியத்தை முடிக்கலாகாது என்ற விதி அத்தகையது. 1672இல் டிறைடன் என்ற கவிஞர் பென் ஜோன்சனைக் குறைகூறுகையில் எழுப்பிய ஆட்சேபம் அது. 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட றொபேட் லௌத் அதனை உரையாடலுக்கு ஏற்றதெனவும் உயர்நடைக்கு அத்துணை ஏற்றதன்று எனவும் கூறினார். அவ்வழக்கைப் பற்றிச் சொன்ன தமது வாக்கியத்தையே முன்னிடைச் சொல்லில் முடித்தும் வைத்தார். அந்த மென்மையான அபிப்பிராயம் பின்வந்த பாடநூல்களிற் கட்டளையாக இறுகியது. இலண்டனில் ஒருவரின் இரசனையாக இருந்தது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் புள்ளிகளை வெட்டும் கத்தியானது. 1970களில் இந்நாட்டுச் சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு 'கடுவ' எனப் பெயரிட்டனர். வாள் என்பது அதன் பொருள். காரணங் கூறாது வெட்டும் இலக்கணம் அப்பெயருக்குத் தகுதியுடையதே.

இவ்விடத்தில் வேறொரு சாரார் முன்வருகின்றனர். இலக்கணமே வேண்டாம், பேசத் தெரிந்தாற் போதும், கருத்து விளங்கினாற் போதும் என்பது அவர்கள் கட்சி. கடையிலே பொருள் வாங்குவதற்கு அது போதுமாயிருக்கலாம். ஈழத்து வரலாற்றையும் அரசியலையும் கற்கும் மாணவனுக்குப் போதாது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் தலைமைக் கூற்று ஒரே வரியிற் சிங்களத்தை ஏக மொழியாக்குகின்றது. உடனடி மாற்றம் சாத்தியமில்லை என அமைச்சர் கருதும் விடயங்களில், 1960 முடிவுக்குள் மாற்றம் நிறைவேறும்வரை, முன்னைய மொழி தொடரலாம் என்ற நிபந்தனைப் பகுதியோ சார்பு வாக்கியங்களின் அடுக்கு. எது எதனைச் சார்ந்தது எனப் பிரித்தறியாதவன் அச்சட்டத்தை வாசிக்கவில்லை, பார்த்திருக்கின்றான், அவ்வளவே.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இதனினும் தெளிவான சான்று. அதன் 19ஆம் உறுப்புரை தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் என இரண்டையும் ஒரே சொற்றொடருக்குள் சமமாக இணைக்கின்றது. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் 18ஆம் உறுப்புரையோ அவ்வாறு செய்யவில்லை. அரசகரும மொழி சிங்களம் என்பது ஒரு வாக்கியம். தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்பது வேறொரு வாக்கியம். இடையிலே 'ஓல்ஸோ' என்ற ஒரு சிறுசொல். இணைக்கும் வடிவம் அடுத்த உறுப்புரையிலேயே கிடந்தும் இங்கே அது கையாளப்படவில்லை. சொற்றொடருக்கும் வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அற்பம் என்போர் இவ்விரு உறுப்புரைகளையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்க்கட்டும். கருத்து விளங்கினாற் போதும் என்போருக்கு இங்கே எந்தக் கருத்து விளங்குகின்றது?

ஆங்கில வகுப்புக்களிற் சிங்கள மாணவரும் கலந்திருப்பதால் தமிழிலக்கணத்தை ஒப்பிட்டுக் கற்பித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்பர் சிலர். சிங்களம் வேற்று மொழிக்குடும்பத்தது என்பது உண்மை. எனினும் பெயருக்கு முன்னே எச்சவடிவை நிறுத்தி, முற்றுவினையை இறுதியில் வைக்கும் வழக்கு அதற்கும் உரியதே. 'நேற்று வந்த மாணவன்' என்ற ஒழுங்கு இரு சாராருக்கும் பொது. 'ஹூ' என்பதற்குப் பின் இருவரும் தடுக்கி விழும் இடமும் பெரும்பாலும் பொதுவானதாகவே இருக்கும். ஒரே கரும்பலகையில் மூன்று மொழி வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முற்றுவினைகளை மாத்திரம் கோடிட்டுக் காட்டுவதற்கு ஒரு வெண்கட்டியும் அரைமணி நேரமும் போதும்.