குரங்கின்மேல் ஏற்றிய பழி

அந்நாளில் மைசூர் மாநிலம் என்றும் இந்நாளில் கர்நாடகம் என்றும் வழங்கும் நாட்டிலே, சிமோகா மாவட்டத்தில் உள்ளது கியாசனூர்க் காடு. 1957ஆம் ஆண்டில் அக்காட்டுக் குரங்குகள் பல இறந்து விழுந்தன. காட்டோரச் சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குருதி கசிந்தது. புனே நகரத்து வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார், அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸே அதற்குக் காரணம் எனக் கண்டனர். நோயுற்ற நூற்றுவருள் மூவர் முதல் ஐவர் வரை மாய்க்கும் கொடிய நோய் அது. அவ்வூரார் அதனைக் ‘குரங்கு நோய்’ என்று அழைக்கலாயினர்.

அப்பெயர் பொருத்தமுடையதன்று. நோயைக் கொணர்வது உண்ணி. காட்டெலி, மூஞ்சூறு முதலிய சிற்றுயிர்களிடையே அவ்வைரஸ் உண்ணியின் வாயிலாகவே சுழன்று வருகிறது. குரங்கோ, மனிதனைப் போலவே அந்நோய்க்கு இரையாவது. பழந்தமிழர் முசு எனத் தனிப்பெயரிட்டு வழங்கிய நீள்வால் இனத்திற்கும் இதுவே கதி. குரங்கு இறந்ததும் உண்ணிகள் அதன் உடலை விட்டு நீங்கி நிலத்தில் பரவுகின்றன. அவ்வழிச் செல்வோரைப் பற்றுகின்றன. முன்னே மடிந்து இடரை அறிவிக்கும் உயிரைக் குற்றவாளி என்பது எவ்வகை நீதி?

அங்ஙனமாயின் இந்நோய் அடிக்கடி எழுவானேன்? நோயைக் கண்டறியும் வசதி பெருகியதால் கணக்கும் பெருகிற்று என்பர் சிலர். அஃது உண்மையில் ஒரு பகுதியே. காட்டை வெட்டித் தோப்பாக்குங்கால், புதர் மண்டிய காட்டு விளிம்புகள் மிகுகின்றன. அங்கே மாடுகள் மேய்கின்றன. வளர்ந்த உண்ணிக்கு மாட்டின் குருதி பெருவிருந்து. வயிறார உண்ட பெண் உண்ணி நிலத்தில் விழுந்து எண்ணற்ற முட்டைகளை இடும். இவ்வாறு, மாடு வைரஸைத் தராவிடினும் உண்ணிப் படையைப் பெருக்கித் தருகிறது. தென்கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடி வட்டத்தில், முந்திரித் தோப்புக்காகக் காடு வெட்டப்பட்டதை அடுத்து, 1982-83இல் நோய் பொங்கி எழுந்து ஆயிரவர்க்கு மேற்பட்டோரைப் பற்றியது. இதற்குப் பின்னும் குரங்கையே பழிப்பது பேதைமை.

பல்லாண்டு சிமோகாவைச் சூழ்ந்தே நின்ற நோய், 2012-13இல் பந்திப்பூரிலும் நீலகிரியின் முதுமலையிலும், பின்னர் வயநாட்டிலும் தென்பட்டது. 2019இல் சாகர வட்டத்து அரளகோடு ஊரில் மீண்டும் உயிர்களைக் கவர்ந்தது. காட்டை வெட்டுவிக்க ஆணையிடுவோர் எவரையும் இந்நோய் எளிதில் அணுகுவதில்லை. இளம் உண்ணிகள் மிகும் மாதங்களே மலைநாட்டில் சருகு உதிரும் மாதங்களும் ஆகும். பாக்குத் தோட்டத்திற்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் அச்சருகைத் தலைச்சுமையாகக் கொணரும் எளியவரே காய்ச்சலுற்றுக் கிடக்கின்றனர்.