பேர் வெட்டினால் எங்கே போவது?

வேலையை விட்டுவிட்டு வேறு பாதையில் போகத் துணிச்சல் மட்டும் போதாது. தலைக்கு மேலுள்ள கூரை அந்த வேலையோடு சேர்ந்து போய்விடாமல் இருக்க வேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவருக்காவது செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் அங்கே நிம்மதியாகக் குடியிருக்கலாம். முன்பு இதைவிட மோசம். கடன் கணக்கைச் சொல்லும் 'துண்டு' கையில் இல்லாமல் ஒரு தொழிலாளியை அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கூரை மட்டும் தோட்டத்தின் கையிலேயே இருந்தது.

சி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்க்கையை இந்த நினைப்போடுதான் நான் வாசிக்கிறேன். 1914இல், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பு நாலந்தா கல்லூரியில் படித்து ஆசிரியரானார். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வாத்தியாராவது, ஒரு பரம்பரையே கரையேறியது போல. அப்படிப்பட்ட தொழிலை விட்டுவிட்டுத் தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் அதுவும் ஒன்று. நுவரெலியாவில் தொண்டமான், கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா என்று மலையெங்கும் நம்மவர்கள் வென்ற வருஷம் அது.

அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, நம் மக்களின் பேர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துப் போட்டார்கள். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. வாத்தியார் வேலையை வேலுப்பிள்ளை தானாக விட்டார். உறுப்பினர் பதவிக்குத் திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றைப் பாருங்கள். சங்க வேலையோடு எழுத்தும் வளர்ந்தது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக எழுதிக்காட்டிய 'பார்ன் டு லேபர்' 1970இல் வந்தது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் சேர்த்த நாட்டுப்பாடல்கள். கொழுந்து மலையிலும் தொட்டிலடியிலும் இழவு வீட்டிலும் பாடப்பட்டு, பாடியவரோடு மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தவற்றைக் கேட்டு எழுதினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. மறு வருஷம் அவர் காலமானார். வாக்கைப் பறித்ததால் நன்மை விளைந்தது என்று யாரும் இதை வாசித்துவிடக் கூடாது. அந்தக் கொடுமையில் இழந்தது ஒரு சமூகம் முழுவதும். அந்த நிலையிலும் ஒரு மனிதர் தனக்கு வேறொரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவரால் முடிந்ததற்குக் காரணமும் உண்டு. கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. ஆங்கிலம் கைவந்தவர். ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தட்ட அவரிடம் கை இருந்தது. இது அவருக்கே நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் 'வீடற்றவன்' நாவலை எழுதியிருக்க மாட்டார். சங்கம் அமைக்கப் போன தொழிலாளிக்கு அதில் வேலையும் போகிறது, இருக்க இடமும் போகிறது. இரண்டையும் ஒரே நாளில் இழக்கிறவனுக்குப் புதிய பாதை என்று எதைக் காட்டுவது?

வேலையை விட்டும் கூரை போகாத ஒரு தம்பி எங்கள் தோட்டத்து டிவிஷனில் இருக்கிறான். கொழும்பில் புடவைக் கடையில் வருஷக்கணக்காக நின்றவன். தீபாவளிக்கு வந்தவன், "அண்ணே, இனி கடைக்குப் போகல" என்றான். அம்மா அழுதார். அக்கம்பக்கத்தில் ஏசாதவர்கள் இல்லை. கடையில் பழகிய சிங்களம் அவனுக்கு நன்றாக வரும், எழுதவும் வாசிக்கவும் தெரியும். முதலில் ஒரு பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் துணைக்குப் போனான். பிறகு ஒருவருக்கு இ.பி.எஃப். படிவம், இன்னொருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் பேர்த் திருத்தம். இன்று டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். சிங்களத்தில் வந்த கடிதத்தை மடியில் முடிந்துகொண்டு இறங்கிவரும் அம்மாமார்கள் அவனைத்தான் தேடுகிறார்கள். புடவை அளந்த காலத்தில் அந்தச் சிங்களத்துக்கு யாரும் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை.

அவனைப் பாராட்டுகிறவர்கள் அவன் அக்காவையும் பாராட்ட வேண்டும். விடிகிற நேரத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்கிற அவளுடைய பேரில்தான் அந்தக் காம்பரா நிற்கிறது. தம்பிக்கு வருமானமில்லாத மாதங்களில் கூரை அவளால் இருந்தது. அவளும் வேறு வேலை தேட ஆசைப்படுகிறாள், தையல் நன்றாக வரும். "நானும் பேர வெட்டிக்கிட்டா எங்க போறது?" என்று கேட்கிறாள்.

தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று தொடங்கிய திட்டத்தில் வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். வீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். லயத்திலேயே இருப்பவர்கள் இவர்களுக்கும் பின்னால் நிற்கிறார்கள். இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, சுயதொழில் கடன் என்று பேசவரும் தலைவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த உறுதியைத்தான். அந்த அக்காவின் பேரில், அவள் எங்கே வேலை செய்தாலும் செல்லுபடியாகிற உறுதி.