கோணற் கிளையும் நேரிய அடிமரமும்

அரியதொன்றைக் கண்டு வியத்தல் மக்கட்கு இயல்பு. அதனைத் தாங்கி நிற்கும் எளியதை நினைப்பவரோ சிலரே. இதனை ஸ்காத்லாந்து தேசத்து மரமொன்று நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

அந்நாட்டு மலைச்சாரல்களில் தானே முளைத்து நிமிர்ந்தோங்கும் எல்ம் மரத்தை மலை எல்ம் என்பர். டண்டீ நகருக்கு அணித்தாகிய கேம்பர்டவுன் தோட்டத்தில், 1835-க்கும் 1840-க்கும் இடையே, டேவிட் டெய்லர் என்னும் வனத் தலைவர் தரையோடு தவழ்ந்து முறுகிய எல்ம் கிளையொன்றைக் கண்டார். கோணலென்று விறகாக்கப்படாது, அது நேராய் நின்ற மலை எல்மின்மீது ஒட்டுக் கட்டப்பட்டது. அக்கிளை குடைபோற் கவிந்து வளர்ந்தது. இன்று உலகிலுள்ள கேம்பர்டவுன் எல்ம்கள் யாவும் அதன் வழியினவே.

இக்கோணல் வடிவம் விதையினால் வழிவழி வாராது. ஆளுயர அடிமரத்தின் தலையில் அரும்புள்ள சிறு கிளையைப் பொருத்திக் கட்டுதல் வேண்டும். அடிமரத்தினின்று கிளம்பும் தளிர்களை அவ்வப்போது களையவும் வேண்டும். களையாவிடின் அவை ஒட்டை மேற்கொண்டுவிடும். மனிதர் கை ஓய்ந்தால் இவ்வினமும் ஓய்ந்துவிடும்.

புரூக்ளின் நகரத்துப் பிராஸ்பெக்ட் பூங்காவில் 1872-இல் நட்ட இவ்வின மரமொன்று, பொந்து விழுந்து அழியும் நிலையை எய்தியது. 1967-இல் மரியான் மூர் என்னும் கவிஞர் அதனைப் பாடினார், பொதுமக்கள் பொருளுதவினர், மரம் பிழைத்தது.

இங்ஙனம் அழகிய சில மரங்களைப் பூங்காக்களிற் காத்தாற் போதாதோ என்று வினவுவாருமுளர். போதாது என்பதே நம் கருத்து. வண்டுகள் சுமந்து பரப்பும் பூஞ்சை நோயொன்று, 1960-களின் இறுதி முதல் பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்களை மாய்த்துவிட்டது. மலை எல்மும் அந்நோய்க்கு இலக்காவதே. அடிமரம் அற்றுப்போயின் ஒட்டினை எதன்மேற் கட்டுவது? மேலும், ஒரு கிளையின் வழிவந்தன யாவும் ஒரே உடலின் கூறுகளாதலின், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். விதையினின்று பலவாறாய் முளைக்கும் காட்டு மரங்களிடையேதான் நோயைத் தாங்கவல்லது ஒன்று தோன்றுமென நம்ப இடமுண்டு.

ஆதலின், அருமையைப் போற்றுவோர் முதலில் எளிமையைப் போற்றுக. கோணற் கிளையை எறியாத டெய்லரின் கண் நமக்கு வேண்டும். அக்கிளையைத் தாங்கிய பெயரறியா அடிமரத்தின்பால் நன்றியும் வேண்டும்.