இரு குடும்பம் ஒன்றான கதை

சென்ற வாரம் மேல்வகுப்பு மாணவன் ஒருவனுடைய கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டுரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் என் கண்ணை ஈர்த்தது கட்டுரையன்று. கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டப்பட்டிருந்த ஒரு படம். கரிய நிறமுடைய பெரிய மோட்டார்ச் சைக்கிள். உயர்ந்து நிற்கும் கைபிடி. பின்சில்லின் இரு மருங்கிலும் வெளித்தெரியும் விற்சுருள்கள். படத்தின் கீழே, "டைனா - மறைவு 2017" என்று சிவப்பு மையினால் எழுதப்பட்டிருந்தது.

"யாருக்குத் தம்பி இந்த மரண அறிவித்தல்?" என்று கேட்டேன்.

"ஹார்லி டேவிட்சன் கம்பனியின் வண்டி, சேர். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திப்போட்டார்கள்."

"நீ அதில் ஏறியிருக்கிறாயா?"

"இல்லை, சேர். கண்ணாலும் கண்டதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. "நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் சேர் மாற்றவேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போனபின்னரும் அவனுடைய வினா போகவில்லை. இப்பத்தியைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர்கள், இவ்வாரம் இயந்திரத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வியக்கலாம். பேச்சு இயந்திரத்தைப் பற்றியதுதான். ஆனால் வினா மனிதரைப் பற்றியது.

இரண்டு வீடுகள்

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே மில்வோக்கி என்னும் நகரம் உளது. அங்கே 1903 ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்லி, ஆதர் டேவிட்சன் என்னும் இளைஞர் இருவர் தொடங்கிய தொழிலே ஹார்லி டேவிட்சன் கம்பனி. ஆதரின் சகோதரர்களான வோல்ற்றரும் வில்லியமும் பின்னர் அதிற் சேர்ந்தனர். நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த எந்தக் குடும்பத்தையும் போல இதற்கும் கிளைகள் பல. அவற்றுள் இரண்டே நம் கதைக்கு வேண்டியவை.

ஒன்று சொஃப்ட்டெயில். முற்காலத்து மோட்டார்ச் சைக்கிள்களுக்குப் பின்சில்லில் விற்சுருள் கிடையாது. வீதியின் பள்ளமெல்லாம் ஓட்டுபவரின் முதுகெலும்பிலே பதியும். எனினும் அவ்வண்டிகளின் பின்புறம் ஒரே கோடாகச் சரிந்து இறங்கும் அழகு பலர் உள்ளத்தில் நின்றுவிட்டது. 1984 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த சொஃப்ட்டெயில் ஒரு தந்திரம் செய்தது. விற்சுருள்களைப் பற்பெட்டியின் அடியிலே படுக்கவைத்து மறைத்துவிட்டது. பார்ப்பவருக்குப் பழைய வண்டி. ஏறுபவருக்குப் புதிய வண்டி. பழைமையின் தோற்றமே அங்கு புதுமையின் கைவேலை.

மற்றையது டைனா. 1991 இல் வந்தது. இஃது எதனையும் மறைக்கவில்லை. விற்சுருள் இரண்டும் பின்சில்லின் இருபுறமும் வெளிப்படையாக நின்றன. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் இருந்தது. ஹார்லி எஞ்சினின் இரு சிலிண்டர்களும் நாற்பத்தைந்து பாகைக் கோணத்திற் சாய்ந்து நிற்பவை. இரு பிஸ்டன்களின் தண்டுகளும் ஒரே முளையிற் பொருத்தப்பட்டவை. ஆதலால் அவை சம இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் இடையே 315 பாகை. அதற்கும் அடுத்ததற்கும் இடையே 405 பாகை. நொண்டி நடப்பது போன்ற அந்தத் தாளமே ஹார்லியின் குரல். அவ்வொலியைத் தன் வணிகக் குறியாகப் பதிவுசெய்யக் கம்பனி 1994 இல் விண்ணப்பித்தது. பிற கம்பனிகள் எதிர்க்கவே, 2000 ஆம் ஆண்டில் விண்ணப்பத்தைக் கைவிட்டது. டைனா வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டால் அத்தாளத்துக்கு ஏற்ப எஞ்சின் முழுவதும் குலுங்கும். கைபிடியும் கண்ணாடியும் உடன் குலுங்கும். அறியாதவர் அதனைப் பழுது என்பர். உடையவர் அதனை உயிர் என்பர்.

2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கம்பனி தன் 2018 ஆம் ஆண்டு மாதிரிகளை அறிவித்தது. அந்த அறிவிப்பிலே டைனா என்னும் குடும்பப் பெயர் இல்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளாகிய ஸ்ரீற் பொப், லோ றைடர், ஃபற் பொப் ஆகிய மூன்றும் சொஃப்ட்டெயில் வீட்டிற் குடியேறியிருந்தன. ஃபற் போய் முதலிய பழைய சொஃப்ட்டெயில்களுடன் சேர்த்து மொத்தம் எட்டு மாதிரிகள். எட்டுக்கும் புதிதாக வரையப்பட்ட ஒரே வகைச் சட்டகம். விற்சுருள் அடியிலிருந்து எழுந்து இருக்கையின் கீழ் ஒளிந்துகொண்டது. எஞ்சினும் புதியது, சிலிண்டர் ஒன்றுக்கு நான்காக எட்டு வால்வுகள் உடைமையால் மில்வோக்கி எய்ற் எனப் பெயர் பெற்றது. 1,746 கன சென்ரிமீற்றர், 1,868 கன சென்ரிமீற்றர் என இரு அளவுகளில் அது கிடைத்தது. அதிர்வைச் சமன்செய்வதற்கென்றே இரண்டு தண்டுகள் அதனுள் வைக்கப்பட்டன. சில மாதிரிகளின் நிறை முன்னையதிலும் ஏறத்தாழ 35 இறாத்தல் குறைந்தது.

கலந்த வரவேற்பு

இவ்வளவும் நன்மைகளே அன்றோ? நிறை குறைந்தது, வலிமை கூடியது, உடல் நோகாது. ஆயின் வரவேற்பு ஒரு முகமாக அமையவில்லை.

புதிய வண்டியை வீதியில் ஓட்டிப் பார்த்தவருள் பலர் பாராட்டினர். வளைவுகளிலே வண்டி நம்பிக்கையோடு சாய்கின்றது என்றனர். பள்ளத்தில் விழுந்தெழும்போது முன்போல முதுகில் அடிக்கவில்லை என்றனர். நெடுந்தூரம் ஓடியபின்னும் கை விறைக்கவில்லை என்றனர்.

டைனா உடையோர் பலர் வேறுவிதமாகப் பேசினர். குலுக்கம் போய்விட்டது, வெளித்தெரிந்த விற்சுருள்கள் போய்விட்டன, பெயரே போய்விட்டது. பெயரை மட்டும் பெயர்த்து வேறொரு வண்டியில் ஒட்டினால் அது லோ றைடர் ஆகிவிடுமா என்று கேட்டனர். ஃபற் பொப்பின் அகன்று தட்டையான முன்விளக்கைக் கண்டு, இஃது ஹார்லியின் முகமே அன்று என்றவர்களும் உளர். சொஃப்ட்டெயில் வீட்டாரிலும் எல்லோரும் மகிழ்ந்தாரல்லர். அமைதியும் பழைமைத் தோற்றமும் விரும்பிய தம் வீட்டுக்குள் இந்த முரட்டுப் பிள்ளைகள் ஏன் வந்தன என்பது அவர்களுள் சிலருடைய முறைப்பாடு.

மூன்றாவது கூட்டமொன்றும் உண்டு. புதியதை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. பழையதை உடையவரும் அல்லர். ஆயினும் மிக உரத்துப் பேசியவர்களுள் இவர்களும் அடங்குவர். எந்த ஊரிலும், எந்த மாற்றத்திலும் இக்கூட்டத்தாரைக் காணலாம். கண்ணாற் காணாத வண்டிக்கு மரண அறிவித்தல் எழுதிய என் மாணவனையும் இவர்களோடு சேர்த்துவிடலாமோ என்று எண்ணினேன். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டேன். அவன் உரத்துப் பேசவில்லை, வினாவே கேட்டான்.

பழைமையின் வயது

டைனாவுக்காக இரங்கியோரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் அவ்வண்டியின் பிறப்பைத் தேடிச் சென்றபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது.

நிறுவியோருள் ஒருவரான வில்லியம் டேவிட்சனின் பேரர் வில்லி ஜி. டேவிட்சன், கம்பனியின் வடிவமைப்பாளராக இருந்தவர். அவர் 1971 இல் சூப்பர் கிளைட் என்றொரு வண்டியை ஆக்கினார். பெரிய பயண வண்டியின் சட்டகத்தையும் எஞ்சினையும் எடுத்து, சிறிய ஸ்போர்ட்ஸ்ரர் வண்டியின் முன்பாகத்தை அதற்குப் பூட்டினார். இரு குடும்பத்துக் கலப்பு! படகின் பின்புறம் போன்ற அதன் வாற்பகுதியைப் பலர் விரும்பவில்லை. அது விரைவிலே கைவிடப்பட்டது. ஆனால் வண்டி நிலைத்தது. அதன் வழித்தோன்றலாக எஃப்.எக்ஸ்.ஆர். 1982 இல் வந்தது. உறுதியான சட்டகத்தினாற் பெயர் பெற்ற அவ்வண்டியின் இடத்துக்கு 1990 களில் வந்து சேர்ந்ததுதான் டைனா. அப்பொழுது எஃப்.எக்ஸ்.ஆர். அன்பர்கள் முகஞ் சுளித்தனர். நன்றாக ஓடியதை ஏன் மாற்றினார்கள் என்பதே அவர்களுடைய வினாவும்.

ஆகவே, 2017 இல் பழைமையின் சின்னமாகப் போற்றப்பட்டது, ஒருகால் புதுமையின் குற்றவாளியாக நின்றது. தூய்மை கெட்டதென்று அழப்பட்டது, தானே ஒரு கலப்பின் வழிவந்தது. நாம் 'பழையது' என்று சொல்லும் பொருள்களுட் பல, நாம் இளமையில் முதன்முதற் கண்டவையே. பொருளின் வயதை நாம் அளப்பதில்லை; நம்முடைய வயதையே அளக்கின்றோம்.

இதனாற் புதியதெல்லாம் வெல்லும் என்று கொள்ளுதலும் தவறு. இதே கம்பனி 2001 இல் போர்ஷே நிறுவனத்தின் உதவியோடு நீரினாற் குளிரூட்டப்படும் எஞ்சினைக் கொண்ட வி-றொட் என்னும் வண்டியை வெளியிட்டது. வலிமையிலும் நுட்பத்திலும் அது சிறந்தது. ஆனால் ஹார்லி அன்பர் பலருடைய உள்ளத்தில் அது இடம்பிடிக்கவில்லை. டைனா நின்ற அதே 2017 இல் அதுவும் நின்றது. அதற்காக அழுதவர் சிலரே.

யாருக்காக மாற்றுவது?

இனிக் கம்பனியின் பக்கத்தையும் பார்ப்போம். 2016 இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 ஹார்லி வண்டிகள் விற்பனையாயின. 2017 இல் அத்தொகை ஏறத்தாழ 2,43,000 ஆகக் குறைந்தது. வாங்குவோர் முதுமை எய்திக்கொண்டிருந்தனர். இளையோர் போதிய அளவில் வரவில்லை. இரு வேறு சட்டகங்களைப் பேணுவதிலும் ஒன்றைச் செம்மையாகச் செய்தல் சிக்கனம் என்பது தெளிவு.

இங்கேதான் இக்கதையின் முடிச்சு இருக்கின்றது. பழைய வண்டியை மிக நேசிப்பவர் யார்? அதனைப் பல்லாண்டு துடைத்துப் பேணி, இன்றும் ஓட்டுபவர். அவர் புதியது வாங்கமாட்டார். வாங்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவருடைய அன்பினால் கம்பனிக்குப் புகழ் உண்டு. தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்க அப்புகழ் மட்டும் போதாது. இனி வாங்கப்போகிறவனோ இன்னும் வாய் திறக்கவில்லை. அவனுடைய விருப்பம் யாது என்பதும் எவருக்கும் தெரியாது. பேசுகிறவர் வாங்கார், வாங்குகிறவர் பேசார். இவ்விருவருக்கும் இடையில் நின்றே ஒரு கம்பனி தன் வண்டியை வரையவேண்டியிருக்கின்றது.

அதற்காகப் பேசுகிறவரின் சொல்லைப் புறக்கணித்துவிடலாமா? கூடாது. எஞ்சினியர் அதிர்வை அளந்தார், அதிர்வைக் குறைத்தார், அஃது அவருடைய கடமை. ஆனால் அளவுகோல் காட்டாத ஒன்றை ஓட்டுபவரின் கை அறிந்திருந்தது. என் அனுபவத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பறையிற் கரும்பலகையை எடுத்துவிட்டு வெண்பலகை மாட்டினார்கள். சுண்ணத் தூள் இல்லை, இருமல் இல்லை, எழுத்தும் தெளிவு. ஆயினும் பல நாள் நான் முணுமுணுத்தேன். சுண்ணக்கட்டி பலகையிற் படும் 'டக் டக்' என்ற ஒலியிலே வகுப்பு அடங்கும். அடுத்த வாக்கியத்தை எண்ணிக்கொள்ள எனக்கும் ஒரு கணம் கிடைக்கும். அந்த ஒலி எனக்கு உதவியது என்பதை அது போனபின்னரே அறிந்தேன். வெண்பலகை தவறு என்று இன்று சொல்லேன். ஆனால் மாற்றியவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இருமலோடு சேர்ந்து வேறொன்றும் போகின்றது என்று சொல்லியிருப்பேன்.

ஹார்லி கம்பனி பின்னர் ஓரளவு கேட்டது என்றே தோன்றுகின்றது. டைனா வீட்டிலே புகழ் பெற்றிருந்த லோ றைடர் எஸ் என்னும் மாதிரியை 2020 ஆம் ஆண்டு மாதிரியாகப் புதிய சட்டகத்தின்மேல் மீண்டும் கொண்டுவந்தது. 2022 இல் வந்த லோ றைடர் எஸ்.ரி. என்னும் வண்டியின் முன்மறைப்பு, எஃப்.எக்ஸ்.ஆர். காலத்துப் பயண வண்டியை நினைவூட்டும் வடிவில் அமைந்தது. முன்பு முகஞ் சுளித்தவருட் சிலர் இவற்றின்மேல் ஏறிப் போகின்றனர். வேறு சிலர் இன்றும் பழைய டைனாவையே தேடி வாங்குகின்றனர். இரு சாராரும் தத்தம் வழியிற் சரியே. ஒருவர் தாம் விரும்பிய குணத்தைப் புதிய உடலிற் கண்டார். மற்றவர் அந்த உடலையே விரும்பினார்.

இவற்றையெல்லாம் மறுநாள் அம்மாணவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பின்னர், "அப்படியென்றால் படத்தைக் கிழித்துவிடட்டுமா, சேர்?" என்றான்.

"வேண்டாம் தம்பி. படம் இருக்கட்டும். மறைந்த ஆண்டை எழுதியவன் பிறந்த ஆண்டையும் எழுதிவை. முடிந்தால் அதன் தாயையும் பாட்டியையும் தேடிப் பிடித்து எழுது" என்றேன்.

நேற்றுக் கொப்பி மீண்டும் என் மேசைக்கு வந்தது. படத்தின் கீழே இப்பொழுது மூன்று ஆண்டுகள் வரிசையாக நிற்கின்றன: 1971, 1982, 1991. 'மறைவு' என்ற சொல்லை வெட்டிவிட்டான். 2017 க்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இழுத்து, அதற்கப்பால் வெற்றிடம் விட்டிருக்கின்றான்.