ஒன்பது வளைவும் ஆங்கிலமும்

உலகப் புகழ்பெற்ற சின்னமொன்றைப் பற்றித் தகவல் திரட்டி, வகுப்பின் முன்னின்று ஆங்கிலத்தில் எடுத்துரைப்பது நல்ல பயிற்சியே. ஆனால் நூலகம் வாய்க்காத ஊவாத் தோட்டப் பாடசாலையில், 1889இல் திறக்கப்பட்ட ஈபெல் கோபுரம் வெறும் மனனப் பாடமாகிவிடுகிறது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, தேயிலை மலைகளின் நடுவே, 1921இல் உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகமே வருகிறது. வருவோரின் கேள்விக்குத் தோட்டத்துப் பிள்ளை புன்னகைத்து ஒதுங்குவது எம்மை உறுத்துகிறது. சுற்றுலா தரும் தொழிலும் அவ்வாறே கைநழுவுகிறது.

பதுளையின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் முதலில் இப்பாலத்தை எடுக்கட்டும். வளைவுகளை எண்ணலாம், ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரை வினவலாம், பின்னர் இரும்பாலான ஈபெலோடு ஒப்பிடலாம். பிழைகள் வரும், வரட்டும். அவற்றைத் திருத்த ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைகளுக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் என்ன செய்யப் போகிறது?