விடுதிக்குப் போகும் பெட்டி

சென்ற கிழமை என் தமக்கையார் வீட்டு விறாந்தையில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அவர் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அவளோடு அனுப்புவதற்கென்று மேசையிற் பரப்பி வைத்திருந்தவற்றைப் பார்த்தேன். மின்சாரக் கேத்தல் ஒன்று, சுருள் அடுப்பு ஒன்று, பாண் வாட்டும் கருவி ஒன்று, சம்பல் அரைப்பதற்குச் சிறிய கிரைண்டர் ஒன்று.

"அக்கா, இது விடுதி அறைக்கா, கலியாண வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"நீ சிரி. பிள்ளை சைவச் சாப்பாட்டுக்கு எங்கே போகும், தம்பி?" என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார்.

அவர் கவலையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 1952 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது, மாணாக்கர் விடுதியில் உறைந்து விடுதிப் போசனசாலையிலேயே உண்பதும் அதன் அமைப்பில் ஓர் அங்கமாயிருந்தது. இன்று பலர் சிற்றுண்டிச்சாலைகளையும் கடைகளையுமே நம்பியிருக்கின்றனர். பரீட்சைக் காலத்தில் இரவு பத்து மணிக்குப் பசியெடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? ஆயினும், வாங்குமுன் விசாரிக்க வேண்டியது ஒன்றுண்டு. அறையிற் சமைப்பதைப் பல விடுதிகள் தடைசெய்திருக்கின்றன. தடையை மீறிக் கொண்டு செல்லும் அடுப்பு எங்கே இருக்கும்? கட்டிலுக்குக் கீழே, தொங்குகின்ற படுக்கை விரிப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஒளித்து வைத்த அடுப்பைப் போல் ஆபத்தானது வேறில்லை.

இதை நான் ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. என் மாணவப் பருவத்தில் நாங்கள் நால்வர் ஓர் அறையில் இருந்தோம். சுவரில் இருந்ததோ ஒரேயொரு மின் துவாரம். அதிலிருந்து ஒரு நீட்சிக் கம்பியை இழுத்து, 2000 வாற்றுக் கேத்தலையும் 1500 வாற்றுச் சுருள் அடுப்பையும் ஒன்றாகக் கொளுவினோம். மறுநாட் காலை எனக்குப் பௌதிகப் பரீட்சை. 3500 வாற்றை 230 வோல்ற்றால் வகுத்தால் 15 அம்பியருக்குச் சற்று மேல் வரும். எங்கள் கம்பியோ 5 அம்பியருக்கு உரியது. மின்னோட்டம் மும்மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் ஒன்பது மடங்காகும் என்ற விதியை அன்று மாலைதான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன்! கம்பியின் உறை உருகி நாறத் தொடங்கிய பின்னரே விதி நினைவுக்கு வந்தது. பாயின் ஒரு மூலை கருகியதோடு தப்பினோம். நண்பன் ஒருவன் விழித்திருந்திராவிட்டால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருப்பேனோ, அறியேன்.

ஆகவே பெற்றோர்கள் கடையில் விலைச் சீட்டைப் பார்க்குமுன் கருவியின் அடியில் எழுதியிருக்கும் வாற்று எண்ணைப் பார்க்க வேண்டுகிறேன். கூடிய வாற்றுக் கேத்தல் மின்கட்டணத்தைக் கூட்டிவிடும் என்று சிலர் அஞ்சுவர். அது தவறு. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்ய எந்தக் கேத்தலுக்கும் ஏறத்தாழ அலகில் பத்திலொரு பங்கு மின்சாரமே செலவாகும். 2000 வாற்றுக் கேத்தல் மூன்று நிமிடத்தில் முடிப்பதை 1000 வாற்றுக் கேத்தல் ஆறு நிமிடத்தில் முடிக்கும், அவ்வளவே. விடுதிக்கு இரண்டாவதே போதும். தேநீருக்காக மூன்று நிமிடம் காத்திருக்க மாட்டாத மாணாக்கர் பரீட்சைக்கு எப்படிக் காத்திருப்பரோ?

ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால், என் வாக்கு 0.6 லீற்றர் அளவுள்ள சிறிய ரைஸ் குக்கருக்கே. இவற்றுட் பல 300 வாற்று அளவினவை. இழுக்கும் மின்னோட்டம் 1.3 அம்பியர் மாத்திரமே. தானே நிற்கும் அதன் குணம் இன்னும் பெரிது. பானையில் நீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 பாகைக்கு மேற் போகாது. நீர் முழுதும் சோற்றிற் சுவறியதும் சூடு ஏறும். சற்று ஏறியவுடன் அடியிலுள்ள காந்தப் பொருள் தன் காந்தத் தன்மையை இழக்க, வில் விசையைத் தள்ளிவிடும். யப்பானில் 1955 ஆம் ஆண்டு தோஷிபா நிறுவனம் தானியங்கிக் குக்கரை விற்பனைக்கு விட்ட நாளிலிருந்து உறக்கமும் படிப்பும் எத்தனை பேருக்கு மிஞ்சியிருக்கும்! சுருள் அடுப்புக்கு இந்த அறிவு இல்லை. பிள்ளை புத்தகத்தின் மேல் தூங்கிவிட்டாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும்.

குறைகளும் உண்டு. பருப்பு நுரைத்து மூடிவழியே பொங்கும், பாதியளவே இடவேண்டும். பானையின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தாமல் வைக்கலாகாது. மிஞ்சிய சோற்றை இரவு முழுதும் வெளியே வைத்துக் காலையிற் சூடாக்கி உண்பது பெருந்தவறு. பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஆக்கட்டும். இன்னொன்று: மும்முளைத் துவாரத்தின் மேற்குழியிற் பேனாவைச் செருகி இருமுளைச் செருகியை நுழைக்கும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. மேற்குழி புவித்தொடுப்புக்காக அமைந்தது, பேனாவுக்காக அன்று.

தமக்கையார் தேநீரோடு திரும்பி வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். கிரைண்டரால் தீங்கில்லை, ஆனால் அடுத்த அறைப் பிள்ளைகள் படிக்கவேண்டுமே என்றும் சொன்னேன். மருமகளுக்கு எந்த விடுதி கிடைக்கும் என்பது இன்னும் தெரியாது. விதி தெரியும்வரை குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும், இப்போதைக்குச் சுடுநீர்ப் பிளாஸ்க் ஒன்று போதும் என்று அவளே முடித்து வைத்தாள்.

மாலையிற் பெட்டியைக் கட்ட நானும் கைகொடுத்தேன். கேத்தலும் அடுப்பும் பாண் வாட்டும் கருவியும் மேசையில் அப்படியே இருந்தன. கிரைண்டரை மட்டும் காணவில்லை. தமக்கையார் முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.