பூங்காவில் ஏன் கசக்கிறது தேசிக்காய்த் தண்ணி?

ஜூன் 24 கியூபெக் விடுமுறையில் தொடங்கி செப்ரெம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் வரை, மொன்றியல் தமிழர்களின் சனி, ஞாயிறுகள் பெரும்பாலும் பூங்காக்களில்தான் கழிகின்றன. பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், மூன்று குடும்பம் சேர்ந்து வைக்கும் பிறந்தநாள் என்று ஏதாவது ஓர் ஒன்றுகூடல் இருக்கும். ஒரு பக்கம் இறைச்சி வாட்டுவார்கள். மேசை முனையில் குழாய் வைத்த பெரிய கூலர் ஒன்று நிற்கும். உள்ளே தேசிக்காய், புதினா, சீனி, ஸ்ரோபெரி, ஐஸ். காலை ஒன்பது மணிக்குக் குசினியில் ருசி பார்த்தபோது அமிர்தமாக இருந்தது. பின்னேரம் இரண்டு மணிக்கு அதே தண்ணி கசக்கிறது. புதினா கறுத்து மிதக்கிறது. முதல் ரம்ளர் சப்பென்றும் கடைசி ரம்ளர் பாகாகவும் வருகிறது.

உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சீனி காணாது என்று ஒருவர் இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவார். இந்த நாட்டுப் புதினா சரியில்லை என்பார் இன்னொருவர். கரைத்தவரின் கைப்பக்குவத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். உண்மையில் பிழை அளவிலோ கையிலோ இல்லை. நேரத்தில் இருக்கிறது. கரைத்து வைத்தால் மணிக்கணக்காக நிற்கும் பானங்கள் உண்டு, கரைத்த கையோடு குடித்து முடிக்கவேண்டியவையும் உண்டு. தேசிக்காயும் புதினாவும் இரண்டாவது வகை. அவற்றை முதல் வகையாக நடத்துவதில்தான் வினையே.

தேசிக்காயில் தொடங்குவோம். கசப்பு பெரும்பாலும் சாற்றில் இல்லை. விதையிலும், தோலுக்கு உட்புறமுள்ள வெள்ளைப் பஞ்சிலும், தோலிலும் இருக்கிறது. பிழிந்து முடித்த பாதிகளை, வாசமாக இருக்கட்டும் என்று கூலருக்குள்ளேயே போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் புளித்த தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் ஊறும் தோல், தன் கசப்பை எல்லாம் கக்கிவிடும். இதோடு இன்னொன்றும் நடக்கிறது. எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களில் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழம் பிழிபட்டதும் அது சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறத் தொடங்கும். அன்று காலை பிழிந்த சாறு மத்தியானம் வரை தாங்கும். முதல்நாள் இரவே பிழிந்து வைத்தது தாங்காது. ஆகவே விதை விழாமல் வடித்து, சாற்றை மட்டும் எடுங்கள். அலங்காரத்துக்கு வேண்டுமென்றால் பரிமாறும்போது ஒரு மெல்லிய வட்டம் வெட்டிப் போட்டால் போதும்.

புதினாவின் கதை வேறு. அதன் வாசனை எண்ணெய், இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பிகளில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டினாலே அவை உடைந்து மணம் எழும். பிளெண்டரில் போட்டு அடிப்பவர்கள் இலையையே கிழிக்கிறார்கள். அப்போது வாசத்தோடு பச்சை நாற்றமும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். கிழிந்த இடம் காற்றுப் பட்டுக் கறுக்கும். இலையை முழுதாகவே போட்டாலும் நிறம் நெடுநேரம் நிற்காது. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. புளிப்பில் ஊறினால் அது கழன்று போய், பச்சை நிறம் காய்ந்த ஒலிவ் காயின் நிறத்துக்கு வந்துவிடும். புதினாவை முன்கூட்டியே சேர்க்கத்தான் வேண்டும் என்றால் சீனிப் பாகில் சேருங்கள். அடுப்பை நிற்பாட்டிய பிறகு, சூடான பாகில் ஒரு கட்டு இலையைப் போட்டு, இருபது நிமிடம் மூடி வைத்து, வடித்து, இலையை எறிந்துவிடலாம். வாசம் பாகில் தங்கிவிடும், கறுப்பதற்கு இலை இருக்காது.

பாகு காய்ச்சுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் சீனி லேசில் கரையாது. கரையாதது அடியில் போய்க் குந்தும், குழாயும் அடியில்தான் இருக்கும். கரைந்திருந்தாலும், குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். அதனால் ஐஸ் போடுமுன் ருசி பார்க்கும்போது ஒரு பிடி இனிப்புத் தூக்கலாக இருப்பதே சரியான பதம். உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் கசப்பை அமுக்கும், தாகத்துக்கும் நல்லது.

இந்தப் பின்னணியில் நம்முடைய தண்ணீர்ப் பந்தலை நினைத்துப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வீதியோரப் பந்தல்களில் என்ன கொடுப்பார்கள்? மோர், சர்க்கரைத் தண்ணீர். தமிழ்நாட்டில் இராமநவமிக்கும் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் நீர்மோர், பானகம். மோர் ஏற்கெனவே புளித்தது. பானகத்தின் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் காய்ந்த சரக்குகள். காலையில் அண்டாவில் கரைத்து வைத்தால் தேர் இருப்புக்கு வரும்வரை ருசி மாறாது. மோரில் போடும் கறிவேப்பிலையும் தடித்த இலை, புதினாவைப் போல உடனே குழைந்து கறுக்காது. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், வெயிலில் நின்று தாங்கக்கூடியது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் அது என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே டொலார்-டே-ஓர்மோ திருமுருகன் கோயில் தேருக்கு வரும் கூட்டத்தைப் போல நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுப்பதென்றால், நான் புதினாவைத் தொடவே மாட்டேன். மோர்தான்.

மொன்றியலுக்கென்றே ஒரு பழப்பானமும் இருக்கிறது. டெக்காரி நெடுஞ்சாலையில் போகும்போது, மூன்று மாடி உயரத்தில் பெரிய தோடம்பழம் போல நிற்கும் ஜிபோ ஒரேஞ்ச் ஜூலெப் கடையைப் பார்த்திராத தமிழர் இந்த நகரில் குறைவு. எர்மாஸ் ஜிபோ 1932இல் விற்கத் தொடங்கிய பானம் அது. முதல் தோடம்பழக் கட்டடம் 1945இல் வந்தது. அதன் செய்முறையை வீட்டில் பிடிக்கப் பார்த்தவர்கள் பலர். பாலும் முட்டை வெள்ளையும் சேர்த்து நுரைக்க அடிப்பார்கள். ஆனால் நுரை என்பது அடித்துக் கையில் கொடுக்கும் கடைக்குச் சரிப்படும். பூங்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நுரை அடங்கித் தண்ணீர் தனியே நிற்கும். சோடா கலப்பதும் இதே ரகம். கலந்தால் ரம்ளரில் கலக்கவேண்டும், கூலரில் அல்ல.

பழத்துக்கு வருவோம். ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் கியூபெக் ஸ்ரோபெரியின் உச்சக் காலம். 1933 முதல் நடக்கும் ஜோன்-தலோன் சந்தைக்குப் போனால் வாசத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். குளிர்காலத்தில் தூர தேசத்திலிருந்து வரும் பெரிய பழங்களைவிடச் சிறியது, வெட்டினால் உள்ளே நடுவரை சிவப்பு. கனிந்தால் இரண்டு நாள் கூடத் தாங்காது. தட்டில் வைக்க முடியாதபடி நசிந்த பழம்தான் பானத்துக்கு முதல்தரம். அதைக் காய்ச்சாதீர்கள், காய்ச்சினால் ஜாம் வாசம் வந்துவிடும். நறுக்கிச் சீனி தூவி ஒரு மணி நேரம் விட்டால், சீனியே சாற்றை வெளியே இழுத்துக் கொண்டுவரும். பிறகு கரண்டியால் நசித்தால் போதும். ஓகஸ்டில் இதே இடத்துக்கு வத்தகப்பழம் வரலாம். ரின்னில் அடைத்த மாம்பழக் கூழைப் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தடை சொல்ல மாட்டேன். ஆனால் அது தாகம் தீர்க்காது, வயிற்றைத்தான் நிரப்பும்.

இருபது பேருக்கு, ஆளுக்கு இரண்டு ரம்ளர் என்று எட்டு லீற்றர் வேண்டும். சீனி 600 கிராம் எடுங்கள். அதில் 200 கிராமை ஒரு கிலோ ஸ்ரோபெரியில் தூவுங்கள். மிச்சம் 400 கிராமை 400 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துப் புதினாப் பாகு ஆக்குங்கள். தேசிக்காய்ச் சாறு 750 மில்லிலீற்றர், அதற்கு நல்ல சாறுள்ள காய் 25 பிடிக்கும். பழக்கூழ், பாகு, சாறு மூன்றும் தனித்தனிப் போத்தல்களில், ஐஸ் பெட்டிக்குள் போகவேண்டும். பூங்காவில் இரண்டு லீற்றர் ஜக்கில் நாலில் ஒரு பங்காக ஊற்றி, ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஐஸும் தட்டிய புதினாவும் போட்டுக் கலக்குங்கள். ஜக் முடிந்த பிறகு அடுத்ததைக் கலந்தால், நாலு மணிக்கு வருபவருக்கும் புதிதாகவே கிடைக்கும். எட்டு லீற்றரையும் ஒரேயடியாகக் கரைக்கும் ஆசையை மட்டும் அடக்கவேண்டும். ஐஸை வாங்கிய சில்லுகளாகப் போடாமல், முதல்நாளே பழைய யோகட் டப்பாவில் உறையவைத்த கட்டியாகப் போட்டால் மெதுவாகக் கரையும். வெட்டிய பழமும் கூழும் 4 பாகை செல்சியசுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. கொளுத்தும் வெயிலில் அதிலும் குறைவு.

தேசிக்காயைப் பூங்காவில் வெயிலில் நின்று பிழியவேண்டாம். அதன் தோல் எண்ணெயில் உள்ள சில பொருட்கள் கையில் பட்டு, மேலே வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளிக்கும். தழும்பு கறுப்பாக வாரக்கணக்கில் நிற்கும். தோல் வைத்தியர்களுக்கு நன்கு பழக்கமான சங்கதி இது. வீட்டில் பிழிந்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

தனித்தனிப் போத்தலால் கிடைக்கும் பெரிய இலாபம் வயதானவர்களுக்குத்தான். 2018 ஜூலை வெக்கையில் மொன்றியலில் 66 பேர் இறந்ததாகச் சுகாதாரத் துறை கணக்கிட்டது, பெரும்பாலானோர் வயது போனவர்கள். வயது ஏற ஏறத் தாகம் தெரிவது குறையும், ஆகவே கேட்க மாட்டார்கள். மர நிழலில் கதிரை போட்டு இருத்திவிட்டு நாம் கரப்பந்து ஆடப் போய்விடுகிறோம். முழுக்கக் கரைத்த கூலர் என்றால், சலரோகம் உள்ள அப்பம்மாவுக்கு அதில் குடிக்க ஒன்றுமில்லை, சுடுகிற போத்தல் தண்ணிதான். போத்தல்கள் பிரிந்திருந்தால் பாகும் கூழும் விடாமல், சாறும் உப்பும் புதினாவும் மட்டும் போட்டு ஒரு சின்ன ஜக் தனியே கலக்கலாம். அந்த ஜக்கைத்தான் முதலில் கலக்கவேண்டும். கலந்து, மேசையில் வைக்காமல் அவர்கள் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.